அத்தியாயம் 6: உப்பைக் கீழே இறக்குவது எப்படி?

உப்புக்குக் கால் கிடையாது. தண்ணீர் தூக்கிக்கொண்டு போனால்தான் நகரும். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் உப்பும் இறங்கும். வெயில் ஈரத்தை மேலே இழுத்தால் உப்பும் கூடவே ஏறி வந்து பூக்கும். இந்த அத்தியாயத்துக்குத் தேவையான தத்துவம் இவ்வளவுதான். இனி வேலை.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது ராமநாதபுரம் கடலோரம் போன்ற நிலம். ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஆக, உப்பை இறக்க உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மாதம்; உப்பு ஏறிவர வெயிலுக்குக் கிடைப்பது ஒன்பது மாதத்துக்கும் மேல். அந்த இரண்டரை மாத மழையில் ஒரு சொட்டும் வீணாகாதிருக்க வேண்டுமென்றால் சித்திரையிலேயே மண்வெட்டியை எடுத்தாக வேண்டும்.

முதல் வேலை: உவரா, களரா?

ஊரில் இரண்டையும் சேர்த்து 'சவர் நிலம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

- உவர் நிலம்: வெயில் காலத்தில் மேலே வெள்ளையாகப் பூக்கும். மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்கும். நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் போதும், ஜிப்சம் தேவையில்லை.
- களர் நிலம்: ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் கல்லாக இறுகும். மழை பெய்து நாலு நாளானாலும் கலங்கல் நீர் அப்படியே நிற்கும். மண்ணிலுள்ள சோடியத்தை வெளியேற்ற ஜிப்சம் வேண்டும்.
- களர்-உவர் நிலம்: இரண்டு குணமும் கலந்தது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

*வீட்டிலேயே செய்யும் பாட்டில் சோதனை*

1. மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துக் காயவைத்து, கட்டிகளை உடையுங்கள்.
2. ஒளி ஊடுருவும் ஒரு லிட்டர் பாட்டிலில் கால் பங்கு மண் போட்டு, மீதியை மழைநீரால் நிரப்புங்கள். மழைநீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் உதவும். கிணற்று நீர், குழாய் நீர் வேண்டாம்; அவற்றிலுள்ள உப்பே மண்ணைப் படியவைத்துத் தவறான முடிவைக் காட்டும்.
3. இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் 24 மணி நேரம் வையுங்கள்.
4. மேல் நீர் கலங்கலாகவே நின்றால் களர். தெளிந்துவிட்டால் உவராகவோ நல்ல மண்ணாகவோ இருக்கலாம்.

களர்-உவர் மண் சில சமயம் தெளிந்து காட்டும். எனவே இந்தச் சோதனையை முதல் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

*மண் மாதிரி எடுக்கும் முறை*

1. சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்திருக்கும்போது எடுங்கள். உரம் போட்ட சமயத்தில் வேண்டாம்.
2. பயிர் வரும் இடம், வராத இடம் இரண்டையும் கலக்காதீர்கள். தனித்தனி மாதிரி.
3. ஒவ்வொரு பகுதியிலும் 10 இடத்தில் 'வி' வடிவில் வெட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள்.
4. 0–15, 15–30, 30–60 செ.மீ. என்று மூன்று ஆழத்துக்கும் மூன்று பை. ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ போதும்.
5. பழைய உரச் சாக்கில் போடாதீர்கள். துணிப்பையோ புதிய பாலித்தீன் பையோ நல்லது.
6. கார அமில நிலை, மின் கடத்துதிறன், பரிமாற்ற சோடிய விழுக்காடு, ஜிப்சம் தேவை ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

*அறிக்கையைப் படிப்பது*

மண்ணின் நிறைவுச் சாற்றில் மின் கடத்துதிறன் 4 டெசிசைமனுக்கு மேல், கார அமில நிலை 8.5-க்குக் கீழ் என்றால் உவர். கார அமில நிலை 8.5-க்கு மேல், சோடிய விழுக்காடு 15-க்கு மேல், கடத்துதிறன் 4-க்குக் கீழ் என்றால் களர். கடத்துதிறன் 4-ஐயும் சோடியம் 15-ஐயும் தாண்டினால் களர்-உவர்.

கவனம்: பல ஆய்வுக்கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு அளக்கிறார்கள். அதே மண்ணுக்கு அந்த முறையில் எண் குறைவாகத்தான் வரும். அறிக்கையில் 1.5 என்று பார்த்துவிட்டு 'நம் மண்ணுக்கு ஒன்றுமில்லை' என்று திரும்பி வராதீர்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். அலகையும் பாருங்கள்: 1 டெசிசைமன் என்பதும் 1 மில்லிமோ என்பதும் ஒன்றுதான், மைக்ரோசைமனில் அதுவே 1000.

இரண்டாம் வேலை: தண்ணீரைச் சோதியுங்கள்

1. மோட்டாரைக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய நீர் கணக்கில் சேராது.
2. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி, மறுநாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேருங்கள்.
3. மார்கழியில் ஒரு முறை, வைகாசியில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு மாதிரி எடுங்கள். மழைக்குப் பின் நல்ல நீராக இருக்கும் கிணறு கோடையில் வேறு கிணறாகிவிடும்.

அறிக்கையில் நீரின் மின் கடத்துதிறன் எண் ஏன் முக்கியம்? 2 டெசிசைமன் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். ஆக ஒரே பாய்ச்சலில் வயலுக்குள் வருவது சுமார் 250 கிலோ உப்பு. ஐந்து மூட்டை! பயிர் தண்ணீரைத்தான் குடிக்கும். உப்பு ஏறக்குறைய முழுவதும் மண்ணிலேயே தங்கும்.

அறிக்கையில் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' 2.5-க்கு மேல் இருந்தால் அந்த நீர் நல்ல நிலத்தையும் மெல்லக் களராக்கும். ஜிப்சம் கொண்டு சரிசெய்யாமல் பாய்ச்ச வேண்டாம்.

மூன்றாம் வேலை: நிலத்தைத் தயார் செய்தல் (வைகாசி – ஆடி)

1. சமன் செய்யுங்கள். மேடான இடத்தில் மழைநீர் நிற்காது, அங்கேதான் உப்பு பூக்கும். ஒரு பாத்திக்குள் மேடு பள்ள வித்தியாசம் 5 செ.மீ.-க்குள் இருக்கட்டும்.
2. பாத்திகளாகப் பிரியுங்கள். 10 முதல் 20 சென்ட் அளவு கையாள எளிது.
3. வரப்பை உயர்த்துங்கள். 45 செ.மீ. உயரம், நன்றாக மிதித்து இறுக்கியதாக. நண்டு வளை, எலி வளைகளை அடையுங்கள். மழைநீர் வளை வழியே ஓடினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.
4. வடிகால் வெட்டுங்கள். வயலின் தாழ்ந்த ஓரத்தில் 60 முதல் 90 செ.மீ. ஆழம். ஒவ்வொரு பாத்திக்கும் வடிகாலை நோக்கி ஒரு மடை.
5. கோடை உழவு. உழுத மேல்மண் ஈரம் மேலே ஏறும் பாதையை அறுத்துவிடும். இதனால் உப்பு பூப்பது குறையும்.

வடிகால் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து வயலிலோ ஊருணியிலோ கண்மாய்க்குள்ளோ உப்பு நீரை விடக்கூடாது. அண்டை நிலத்தாரோடு பேசி, பொது வடிகாலை ஒன்றாக வெட்டினால் செலவும் குறையும், சண்டையும் குறையும்.

தவறு: சுரண்டி எடுத்த உப்புப் பொருக்கை வரப்பிலேயே குவிப்பது. அடுத்த மழையில் அது நேராக வயலுக்குத் திரும்பும். வடிகாலுக்கு அப்பால், தாழ்ந்த பக்கமாகக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

நான்காம் வேலை: ஜிப்சம் (களர், களர்-உவர் நிலத்துக்கு மட்டும்)

வரிசை மாறக்கூடாது: முதலில் ஜிப்சம், பிறகு தண்ணீர். களர்-உவர் நிலத்தில் ஜிப்சம் போடாமல் உப்பை மட்டும் கழுவினால் சோடியம் தனியே நின்று களிமண்ணைக் கலைத்துவிடும். மண்ணின் துளைகள் அடைபட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கவே இறங்காது. போன ஆண்டைவிட நிலம் மோசமாகிவிட்டது என்று வருந்துபவர்கள் பலரும் செய்த தவறு இது.

1. அறிக்கையிலுள்ள ஜிப்சம் தேவையில் பாதியைப் போடுவது வழக்கம். ஏக்கருக்கு 4 டன் என்று இருந்தால் 2 டன்.
2. 25 கிலோ வீதம் 80 குவியலாக, ஏழு மீட்டருக்கு ஒன்று என்று வையுங்கள். பிறகு ஒவ்வொரு குவியலையும் சுற்றிலும் விசிறினால் ஏக்கர் முழுவதும் சீராகப் பரவும்.
3. மேல் 10 செ.மீ. மண்ணில் கலக்குங்கள். ஆழ உழுது புதைத்தால் பாதி வீண்.
4. தண்ணீர் கிடைத்தால் 5 முதல் 10 செ.மீ. கட்டி, தொழி கலக்கி, ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வடியுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள்.
5. மழையை நம்பிய நிலமானால் புரட்டாசிக் கடைசிக்குள் போட்டுக் கலந்து, மடையை அடைத்து வையுங்கள்.

ஜிப்சம் மெல்லக் கரையும் பொருள். ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம்கூடக் கரையாது. 2 டன் கரைய ஏக்கரில் 20 செ.மீ.-க்கு மேல் தண்ணீர் நின்று இறங்க வேண்டும். ஒரு மழையிலேயே பலன் பார்க்க நினைக்காதீர்கள்.

ஐந்தாம் வேலை: மழையால் கழுவுதல் (ஐப்பசி – கார்த்திகை)

30 செ.மீ. தண்ணீர் 30 செ.மீ. மண்ணைக் கடந்து கீழே இறங்கினால், அந்த மண்ணில் கரையும் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டுபோய்விடும். உங்கள் ஊர் மழைக்கே அந்த வேலையைச் செய்யும் பலம் உண்டு. வரப்பைத் தாண்டி ஓடிவிடாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

1. உவர் நிலத்தில் முதல் பெருமழை: மடையைத் திறந்து வையுங்கள். மேலே பூத்த உப்பு கரைந்து வடிகாலுக்குப் போகட்டும். ஜிப்சம் போட்ட வயலில் இப்படிச் செய்யாதீர்கள். அங்கே முதல் மழையிலிருந்தே மடை அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜிப்சமும் ஓடிவிடும்.
2. இரண்டாம் மழை முதல்: மடையை அடைத்து 10 செ.மீ. வரை நீரை நிறுத்துங்கள்.
3. நீர் மண்ணுக்குள் இறங்கும்வரை காத்திருங்கள். முழுதும் இறங்கிய பிறகு அடுத்த மழையைப் பிடியுங்கள். இடைவெளி விட்டு நிறுத்துவது, ஓயாமல் தேக்கி வைப்பதைவிடக் குறைந்த நீரில் அதிக உப்பை இறக்கும்.
4. மூன்று நாளாகியும் இறங்காமல் கலங்கி நின்றால் வடித்துவிடுங்கள். களர்த்தன்மை இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.
5. கார்த்திகையில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டருக்குள்ளேயே நீர் நின்றால் உப்பு இறங்க இடமில்லை. வடிகாலை ஆழப்படுத்தாமல் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களை மீட்டெடுத்ததிலும் இதே வழிதான் கைகொடுத்தது: படிந்த சேற்றை அகற்றி, வரப்பைக் கட்டி, அடுத்து வந்த பருவமழையை வயலுக்குள் பிடித்து வடித்தார்கள்.

தவறு: தூறல் விழுந்ததுமே நடவு. சிறு தூறல் மேலே இருக்கும் உப்பைக் கரைத்து வேர் இருக்கும் ஆழத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குக் கீழே தள்ளாது. இரண்டு மூன்று நல்ல மழை இறங்கிய பிறகே நடுங்கள்.

ஆறாம் வேலை: பயிரைத் தேர்ந்து நடுதல்

மண் உப்பு எந்த அளவைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும் என்பதற்கு ஒரு பட்டியல் (நிறைவுச் சாறு முறை, டெசிசைமனில்):

- பருத்தி – 7.7
- சோளம் – 6.8
- தட்டைப்பயறு – 4.9
- நிலக்கடலை – 3.2
- நெல் – 3.0
- தக்காளி – 2.5
- மக்காச்சோளம் – 1.7
- மிளகாய் – 1.5
- வெங்காயம் – 1.2

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் ஊரில், மிளகாய் பட்டியலின் அடியில் இருக்கிறதே என்று தோன்றலாம். மழை உப்பை இறக்கிய பருவத்தில் அது வேர் பிடித்துக்கொள்கிறது. அதே மிளகாய்க்குக் கோடையில் சவர்த் தண்ணீர் பாய்ச்சினால் இலை ஓரம் கருகிவிடும். எந்தப் பயிர் என்பதோடு எந்த மாதம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

*நெல்லுக்கு*

1. களருக்கு டி.ஆர்.ஒய். 1, 2, 3 ரகங்கள் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் உருவானவை. பாரம்பரிய ரகங்களில் களர்பாலை, குழியடிச்சான் உப்பைத் தாங்கும். கண்மாய் நீர் தை வரை நிற்காது என்றால் நீண்ட வயது ரகம் வேண்டாம்.
2. மோசமான பாத்திகளில் புழுதி விதைப்பு வேண்டாம். முளை வரும் நேரத்தில்தான் உப்பு உச்சத்தில் இருக்கும். நல்ல மூலையில் நாற்று விட்டு, 30 முதல் 35 நாள் நாற்றாக நடுங்கள். குத்துக்கு 3 அல்லது 4 நாற்று.
3. தண்ணீர் வசதியுள்ள வயலில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்பு, 45 நாளுக்குள் மடக்கி உழுங்கள். களரைத் தாங்கி வளரும், மண்ணையும் திறக்கும்.
4. களரில் துத்தநாகம் பயிருக்கு எட்டாது. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள்.

*மிளகாய், காய்கறி, பருத்திக்கு*

பாரின் உச்சியில் நடாதீர்கள். இரு பக்கச் சாலிலிருந்தும் ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அதுதான். பாரின் சரிவில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு சாலில் மட்டும் நீர் விட்டால் உப்பு காய்ந்த சாலின் பக்கம் ஒதுங்கும்.

சொட்டுநீர் வைத்திருப்பவருக்கு: தூறல் விழும்போது வால்வை மூடாதீர்கள். ஈர வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்திருக்கும் உப்பை அந்தத் தூறல் வேருக்குத் தள்ளும். நல்ல மழை பிடிக்கும்வரை சொட்டு ஓடட்டும்.

ஏழாம் வேலை: குட்டையும் கிணறும்

மேல்பரப்பு 15 × 15 மீட்டர், அடிப்பரப்பு 9 × 9 மீட்டர், ஆழம் 2 மீட்டர். இந்த அளவுக் குட்டை சுமார் 2.9 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆவியாவதும் கசிவதும் போக, ஒரு ஏக்கருக்கு ஒரு உயிர்த்தண்ணீர் கிடைக்கும். பூக்கும் தருணத்தில் மழை பொய்த்தால் அந்த ஒரு தண்ணீர்தான் மகசூலைக் காப்பாற்றும்.

1. வெட்டும் முன் ஓரத்தில் ஒரு சோதனைத் துளை போட்டு, நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது, உப்பா என்று பாருங்கள்.
2. குட்டையின் அடி அந்த மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். இன்னும் இரண்டு அடி தோண்டினால் ஊற்று வருமே என்று இறங்கினால் வருவது சவர் ஊற்று. பிடித்த மழைநீரும் கெட்டுவிடும்.
3. பூத்த மண் மேலிருந்து வழியும் நீரைக் குட்டைக்குள் விடாதீர்கள். முதல் மழை நீரை ஒதுக்கிவிட்டு அடுத்ததைச் சேமியுங்கள்.

கடலோரக் கிணற்றில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறைத்து இறக்கினால் கீழே உப்பு பல அடி எழும்பும். ஆகவே சிறிய மோட்டார், குறைந்த நேரம், இடைவெளி விட்டு இறைப்பு. நீர் கரிக்கத் தொடங்கிவிட்டதென்று ஆழப்படுத்தினால் கிணறு முழுவதும் உப்பாகும்.

எட்டாம் வேலை: மழை நின்ற பிறகு (தை – பங்குனி)

1. அறுவடை முடிந்ததும் நிலத்தை மொட்டையாக விடாதீர்கள். வைக்கோல், சோளத்தட்டை, பனையோலை, கிடைத்ததைப் பரப்புங்கள்.
2. மூடாக்குக்கு வழியில்லையென்றால் ஈரம் இருக்கும்போதே மேலோட்டமாக உழுதுவிடுங்கள்.
3. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தால் அந்த இடத்தை வெறுமனே போடாமல் பனை, வேம்பு, புங்கம் என்று ஏதாவது வையுங்கள்.
4. எவ்வளவு செய்தும் திரும்பாத திட்டுகள் இருக்கும். ஏக்கரில் பத்து சென்ட் அப்படி என்றால் அதில் மரம் வைத்து, உழைப்பை மீதி தொண்ணூறில் போடுங்கள்.

பாதுகாப்பு

- குட்டையைச் சுற்றி வேலி கட்டாயம். பாலித்தீன் விரித்த கரை வழுக்கும். விழுந்தவர் ஏறிவர முடிச்சுக் கயிறோ படியோ இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவரும் இதில் தப்பவில்லை.
- பாழ்கிணற்றில் தனியாக இறங்காதீர்கள். டீசல் இன்ஜின் ஓடும்போது இறங்கவே கூடாது. உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல், கயிறு கட்டி உதவி அழையுங்கள்.
- உப்புக் காற்றில் மோட்டார் இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். எர்த் கம்பியை மழைக்கு முன் சோதியுங்கள். ஈரக் கையால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.
- ஜிப்சம் விசிறும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.
- சொட்டுக் குழாயை அமிலத்தால் கழுவினால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.
- இடி இடிக்கும்போது மடை பார்க்க வரப்பில் நிற்காதீர்கள்.

அடுத்த சித்திரையில்

மாதிரி எடுத்த இடங்களில் ஒரு கல் நட்டு வையுங்கள். அடுத்த சித்திரையில் அதே இடத்தில், அதே மூன்று ஆழத்தில் மண் எடுத்து, அதே பாட்டிலில் குலுக்கி, அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். மேல் பையில் எண் குறைந்து, 30–60 செ.மீ. பையில் கூடியிருந்தால் கலங்காதீர்கள். உப்பு பாதி வழி இறங்கியிருக்கிறது. இன்னொரு ஐப்பசி வேண்டும். வரப்பை இப்போதே பார்த்து வையுங்கள்.